பிஎச்டி சுற்றுச்சூழலில், எம்எஸ் மெக்கானிக்கலில்: அமெரிக்காவில் இரண்டையும் சேர்த்து முடிப்பது எப்படி?

போன மாதம் ஊரிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த ஒரு தம்பி, பெட்டியைக்கூட முழுதாகப் பிரிக்காமல் கேட்டான். "அண்ணா, என் பாடத்தில் பாதி மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட்டில்தான் எடுக்கப்போகிறேன். அப்படியே அங்கே ஒரு எம்எஸ்ஸும் வாங்கிவிடலாமா?"

கேள்வி சின்னதுதான். பதில் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு காபி ஆகிவிட்டது. நான் சிவில் பிஇ படித்தவன். இங்கே கடல்நீரைக் குடிநீராக்கும் சவ்வுகளில் பிஎச்டி செய்துகொண்டே மெக்கானிக்கல் எம்எஸ்ஸும் முடித்தேன். அவனுக்குச் சொன்னதை, கொஞ்சம் ஒழுங்குபடுத்தி, இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

முதலில், இது எந்த வகை ஏற்பாடு?

அமெரிக்காவில் பிஇ முடித்துவிட்டு நேராக பிஎச்டியில் சேரலாம். அப்படிச் சேர்ந்தவர்களுக்குப் பல துறைகள் வழியிலேயே ஒரு எம்எஸ் கொடுத்துவிடும். அது சொந்தத் துறையின் பட்டம், பெரிய வேலை ஒன்றும் இல்லை. நாம் பேசுவது வேறு. சுற்றுச்சூழல் பொறியியல் பெரும்பாலும் சிவில் துறையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கே மாணவராக இருந்துகொண்டு மெக்கானிக்கல் துறையில் இன்னொரு பட்டத்துக்குப் பதிவு செய்ய வேண்டும் என்றால், அதற்குத் தனி விண்ணப்பம், தனி அனுமதி, தனிப் பாடத்திட்டம் எல்லாம் உண்டு. இதை டூயல் டிகிரி என்பார்கள், கன்கரன்ட் டிகிரி என்பார்கள், சில இடங்களில் செகண்ட் மாஸ்டர்ஸ் என்பார்கள். பெயரைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒரு பல்கலைக்கழகத்தில் 'டூயல்' என்பது இன்னொன்றில் 'ஜாயின்ட்' ஆக இருக்கும்.

இரண்டு துறைகளும் முன்பே பேசிவைத்த திட்டம் இருந்தால் அதிர்ஷ்டம். எந்தப் பாடம் எந்தப் பட்டத்துக்கு என்று அவர்களே எழுதிவைத்திருப்பார்கள். பல நேரங்களில் அப்படி எதுவும் இருக்காது, மாணவரே இரண்டு பக்கமும் பேசி நெய்துகொள்ள வேண்டியதுதான்.

இது உங்களுக்குத் தேவையா?

தம்பியிடம் நான் கேட்டது ஒரே கேள்வி. சான்றிதழ் கிடையாது என்று சொல்லிவிட்டால், அந்த மெக்கானிக்கல் பாடங்களை அப்போதும் எடுப்பாயா? ஆமாம் என்றால் மேலே படியுங்கள். 'இல்லை, ரெஸ்யூமேவில் இரண்டு வரி இருந்தால் நன்றாக இருக்குமே' என்றால், மூன்று பாடம் எடுத்து டிரான்ஸ்கிரிப்டில் காட்டுவதே போதும். பேராசிரியர் வேலைக்குப் போகிறவர்களை எடைபோடும்போது பார்ப்பது கட்டுரைகளையும் ஆய்வையும்தான். பிஎச்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எம்எஸ் எந்தத் துறையிலானது என்று அங்கே யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

தொழில்துறை என்றால் கதை வேறு. கட்டடங்களின் காற்றோட்டம், வடிகட்டிகள், எஞ்சின் புகை, குளிர்விப்பு போன்ற வேலைகளில் விளம்பரத்திலேயே மெக்கானிக்கல் பட்டம் என்று போட்டிருப்பார்கள். விண்ணப்பத்தை முதலில் பார்ப்பவர் பொறியாளராக இருக்க மாட்டார். 'சுற்றுச்சூழல்' என்ற சொல்லைப் பார்த்ததும் மரம் நடுகிற ஆள் என்று நினைத்து ஓரம் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த முதல் கதவைத் திறக்க எம்எஸ் உதவும்.

ஆய்வுக் காரணமும் உண்டு. காற்றில் மிதக்கும் நுண்துகள்களைப் பற்றிப் படிக்கிறவர்களுக்கு, வீடு எங்கே இருக்கிறது என்பதே குழப்பம். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பேர்போன துகள் ஆய்வுக்கூடம் மெக்கானிக்கல் துறையில்தான் வளர்ந்தது. கார்னகி மெலனில் வளிமண்டலத் துகள்களுக்கான மையத்தில் மெக்கானிக்கல், கெமிக்கல், சிவில்-சுற்றுச்சூழல் ஆசிரியர்கள் ஒன்றாக இருக்கிறார்கள். இப்படிப்பட்ட இடங்களில் இரண்டு துறைக்கும் நடுவில் சுவர் மெல்லியது, உங்கள் வேலையும் சுலபம்.

யாரை முதலில் பார்ப்பது?

வரிசை முக்கியம். முதலில் உங்கள் அட்வைசர். அவருக்குத் தெரியாமல் மெக்கானிக்கல் ஆபீஸுக்குப் போய்விட்டு, அது அவர் காதுக்கு வேறு வழியாக வந்து சேர்ந்தால், அதைச் சரிக்கட்ட ஒரு செமஸ்டர் ஆகும். நான் கேட்டபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டது இதுதான்: "சரி, முதல் பேப்பர் எப்போது அனுப்புவாய்?" அவருடைய கவலை நியாயமானது. உங்களுக்குச் சம்பளம் தருவது ஆய்வு நிதி, அந்த நிதிக்கு அறிக்கை எழுத வேண்டியது அவர். அதனால் வெறும் ஆசையைச் சொல்லாதீர்கள். ஒரு பக்கத் தாளில் எந்தப் பாடம், எந்தப் பருவம், அது ஆய்வின் எந்த அத்தியாயத்துக்கு உதவும் என்று எழுதிக்கொண்டு போங்கள். முதல் பேப்பருக்கான மாதத்தையும் அதே தாளில் போட்டுவிடுங்கள். என் தாளில் அது இல்லை, அதனால்தான் அந்தக் கேள்வி வந்தது.

இரண்டாவது, மெக்கானிக்கல் துறையின் கிராஜுவேட் கோஆர்டினேட்டர். பேராசிரியர் அல்ல, அலுவலகத்தில் இருப்பவர். விதிகள் உண்மையில் யார் தலையில் இருக்கின்றன என்றால் அவர் தலையில்தான். மாணவராக உள்ளே இருப்பவருக்கு ஜிஆர்ஈ வேண்டாம், புதிதாகச் சிபாரிசுக் கடிதம் ஒன்றிரண்டு போதும் என்ற சலுகைகள் பல இடங்களில் உண்டு. கேட்டால்தான் சொல்வார்கள்.

மூன்றாவது, பல்கலைக்கழக அளவிலான கிராஜுவேட் ஸ்கூல். நான்காவது, வெளிநாட்டு மாணவர் அலுவலகம். இந்த இரண்டையும் பற்றிக் கீழே தனியாக வரும்.

ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். யார் எதைச் சரி என்றாலும், அன்று மாலையே "நாம் பேசியபடி..." என்று தொடங்கி ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

கிரெடிட் கணக்கு

உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது, மெதுவாகப் படியுங்கள்.

செமஸ்டர் முறையில் பொறியியல் எம்எஸ் பெரும்பாலும் 30 கிரெடிட் அளவில் இருக்கும், ஒரு பாடம் 3 கிரெடிட். தீசிஸ் எழுதுகிற வழியில் சுமார் 24 பாடத்துக்கும் 6 ஆய்வுக்கும் போகும். தீசிஸ் இல்லாத வழியில் முப்பதும் பாடம்தான், அதாவது பத்துப் பாடம். எண்கள் இடத்துக்கு இடம் மாறும். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பெய்ன் வளாகத்தில் எம்எஸ்ஸுக்குக் குறைந்தது 32, பிஇயிலிருந்து நேரே பிஎச்டிக்கு 96. ஸ்டான்ஃபோர்டில் வருடத்தைக் காலாண்டுகளாகப் பிரித்திருப்பதால் எம்எஸ்ஸுக்கு 45 யூனிட், பிஎச்டிக்கு 135.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். உங்கள் பிஎச்டிக்குப் பத்துப் பாடம், மெக்கானிக்கல் எம்எஸ்ஸுக்குப் பத்துப் பாடம். கூட்டினால் இருபது. இரண்டுக்கும் பொதுவாக மூன்று பாடத்தைக் காட்டிக்கொள்ளலாம் என்று பல்கலைக்கழகம் அனுமதித்தால், நீங்கள் உட்கார வேண்டியது பதினேழு. அதாவது வழக்கமான பிஎச்டி மாணவரைவிட ஏழு பாடம் கூடுதல், ஒரு பருவத்துக்கு ஒன்று என்றால் மூன்றரை வருடம். ஐந்து வருட பிஎச்டிக்குள் இது அடங்கும். பொதுவாக ஒரு பாடம்கூடக் காட்டக் கூடாது என்றால் பத்துப் பருவம், ஐந்து வருடமும் வகுப்பிலேயே போய்விடும். அப்படிப்பட்ட இடத்தில் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள் என்பேன். எல்லாம் அந்த 'மூன்று' எவ்வளவு என்பதைப் பொறுத்தது. அந்த வரம்பு துறையின் இணையப் பக்கத்தில் இல்லாமல், கிராஜுவேட் ஸ்கூல் விதிப் புத்தகத்தின் உள்ளே எங்கோ ஒரு பத்தியில் ஒளிந்திருக்கும்.

நான் மாட்டிக்கொண்டதும் அங்கேதான். டர்புலன்ஸ் பாடம் ஒன்றை இரண்டு பட்டியலிலும் எழுதியிருந்தேன். துறையில் "அதெல்லாம் பிரச்சினை இல்லை" என்று வாயால் சொன்னார்கள். கடைசிப் பருவத்தில் தணிக்கை செய்தவர், பொதுப் பாட வரம்பு ஒன்றால் தாண்டியிருக்கிறது என்று சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்பினார். வாயால் சொன்னவர் அதற்குள் வேறு வேலைக்குப் போய்விட்டிருந்தார். பிஎச்டி ஆய்வேடான டிசர்டேஷனை எழுத வேண்டிய மாதங்களில் இருபது வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாராவாரம் ஹோம்வொர்க் போட்டேன்.

இன்னும் சில பொறிகள். சொந்தத் துறையில் வழியில் கிடைக்கும் எம்எஸ்ஸையும் வாங்கிவிட்டால், அதற்குக் காட்டிய பாடங்களை மெக்கானிக்கல் எம்எஸ்ஸுக்கு மறுபடி காட்ட முடியாமல் போகலாம். இரண்டில் எது வேண்டும் என்று யோசித்துத் தேர்ந்தெடுங்கள். அப்புறம், ஒரே பாடத்துக்கு இரண்டு துறையின் குறியீடும் இருக்கும். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பாடங்களில் இது ரொம்ப சாதாரணம். வகுப்பறை ஒன்று, ஆசிரியர் ஒருவர், ஆனால் எந்தக் குறியீட்டில் பதிவு செய்தீர்களோ அந்தத் துறையின் கணக்கில்தான் ஏறும். யோசிக்காமல் சிவில் குறியீட்டில் பதிவு செய்தால், அப்புறம் மாற்றக் கெஞ்ச வேண்டியிருக்கும். எம்எஸ் கிரெடிட்டுகளுக்குக் காலாவதியும் உண்டு. முதல் பருவத்தில் எடுத்த பாடத்தை ஆறேழு வருடம் கழித்துக் காட்ட விடமாட்டார்கள்.

தீசிஸ் வழியா, பாட வழியா? பாட வழிதான், தயங்காதீர்கள். டிசர்டேஷனில் இருக்கும் அத்தியாயத்தையே எம்எஸ் தீசிஸாகக் கொடுக்க நினைத்தால், ஒரே வேலைக்கு இரண்டு பட்டமா என்ற கேள்வி வரும். தனியாக ஒன்று எழுத உங்களுக்கு நேரம் இருக்காது.

எந்தப் பாடங்கள்?

மெக்கானிக்கல் என்றதும் கியரும் எஞ்சினும் நினைவுக்கு வரும். நமக்கு வேண்டியது அந்தத் துறையின் வெப்ப-திரவப் பக்கம். வெப்பக் கடத்தல், ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ், ஓட்டத்தைக் கணினியில் கணக்கிடும் சிஎஃப்டி, காற்று மாசுக்காரர்களுக்கு எரிதலைப் படிக்கும் கம்பஷன், துகள்காரர்களுக்கு ஏரோசால். பொறியியல் கணிதம் இரண்டு துறையும் கேட்கும் பாடம், அதை முதல் பொதுப் பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்பதை ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். கன்வெக்ஷன் வகுப்பின் முதல் வாரம். ஆசிரியர் கரும்பலகையில் ஒரு சமன்பாடு எழுதினார். திரவம் ஓடுகிறது, வெப்பம் அதோடு அடித்துச் செல்லப்படுகிறது, கூடவே பரவுகிறது. அதைப் பார்த்துக்கொண்டே என் சவ்வு நோட்டைப் புரட்டினேன். அதே சமன்பாடு, வெப்பநிலை இருந்த இடத்தில் உப்பின் அடர்த்தி. ரிவர்ஸ் ஆஸ்மோஸிஸ் சவ்வின் ஓரத்தில், தண்ணீர் உள்ளே போய்விட உப்பு மட்டும் வெளியே தேங்கிக்கொண்டே இருக்கும். சுவரோரம் தேங்கும் அந்த மெல்லிய உப்புப் படலம்தான் என் ஆய்வின் தலைவலி. சமன்பாடு ஒன்றுதான், மாறுவது ஒரே ஒரு எண்: ஓட்டத்தின் வேகம் பரவுவதோடு ஒப்பிட்டால் வெப்பமோ உப்போ எவ்வளவு மெதுவாகப் பரவுகிறது என்பது. தண்ணீரில் வெப்பத்துக்கான பிராண்டல் எண் சுமார் 7. உப்புக்கான ஷ்மிட் எண் பல நூறு.

அந்த ஒரு எண் என்ன செய்யும் தெரியுமா? ஓட்டம் சீராக இருக்கும்போது, சுவரோரப் படலத்தின் தடிமன் அந்த எண்ணின் கனமூலத்தைப் பொறுத்துக் குறைகிறது. 7-இன் கனமூலம் கிட்டத்தட்ட 2, 600-இன் கனமூலம் எட்டரை. வெப்பப் படலம், சுவரோரம் ஓட்டம் மெதுவாகும் வேகப் படலத்தில் பாதி என்றால், உப்புப் படலம் எட்டில் ஒரு பங்குதான். நான் அதுவரை சிஎஃப்டி கணக்குக்காக இடத்தைச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து வைத்திருந்த வலை, வெப்பத்துக்குப் போதும், உப்புக்குப் போதாது. படலம் முழுக்க என் இரண்டே கட்டங்களுக்குள் அடங்கிப் போயிருந்தது. மூன்று மாதமாக ஏன் விடை சோதனையோடு ஒட்டவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். சுவரோரம் கட்டங்களை நெருக்கிப் போட்டதும் ஒட்டியது. சில்ட்டனும் கோல்பர்னும் 1934-இலேயே வெப்பத்துக்கும் பொருள் பரவலுக்கும் இருக்கும் இந்த ஒற்றுமையைப் பயன்படும் சூத்திரமாக எழுதிவிட்டார்கள். என் துறையில் அதைச் சூத்திரமாக மனப்பாடம் செய்திருந்தேன், எங்கிருந்து வருகிறது என்பது இந்த வகுப்பில்தான் புரிந்தது.

கசப்பான பக்கமும் உண்டு. சில மெக்கானிக்கல் துறைகள் அகலத் தேவை என்று ஒன்று வைத்திருக்கும். வெப்ப-திரவத்தோடு நிறுத்த முடியாது, சாலிட்ஸ், டைனமிக்ஸ், கன்ட்ரோல்ஸ் பக்கமிருந்தும் ஒன்றிரண்டு எடுக்க வேண்டும். சிவில்காரர்கள் சாலிட்ஸை எடுங்கள், எலாஸ்டிசிட்டி நமக்குப் பழகின ஊர். பிஇயில் கன்ட்ரோல்ஸ் தொடாதவர்கள் நேராக முதுநிலைக் கன்ட்ரோல்ஸில் போய் விழுந்தால் அடி பலமாக இருக்கும். நான்குக்கான அளவில் சராசரி 3.0-க்குக் கீழே போனால் பெரும்பாலான இடங்களில் ஸ்டைபெண்டுக்கே ஆபத்து.

பாடம் எடுக்கிற மெக்கானிக்கல் ஆசிரியர்களில் ஒருவர் உங்களுக்குப் பிடித்துப்போனால், அவரை பிஎச்டி கமிட்டியில் வெளித்துறை உறுப்பினராகக் கேளுங்கள். கமிட்டிக்கு எப்படியும் அப்படி ஒருவர் தேவைப்படும், எம்எஸ் பக்கத்திலும் உங்களுக்காகப் பேச ஒருவர் கிடைப்பார். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

காசு

ஆய்வு உதவியாளர் (ஆர்ஏ) அல்லது கற்பித்தல் உதவியாளர் (டிஏ) வேலையோடு கல்விக் கட்டணத் தள்ளுபடி வரும். இரண்டு கேள்வி கேளுங்கள். அந்தத் தள்ளுபடி, பிஎச்டிக்குச் சேராத பாடத்தையும் மூடுமா? எத்தனை கிரெடிட் வரை? சில இடங்களில் முழுநேர அளவைத் தாண்டினால் கட்டணம் ஏறாது, சில இடங்களில் ஒவ்வொரு கிரெடிட்டுக்கும் ஏறும். தகுதித் தேர்வுகளை முடித்து கேண்டிடேட் நிலைக்குப் போனபின் கட்டணத்தைக் குறைக்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு. அங்கே அதன்பிறகு பாடம் எடுத்தால் அந்தக் குறைப்பு என்னவாகும் என்று அட்வைசர் கேட்கும் முன்பே நீங்கள் கேட்டுவையுங்கள், ஏனென்றால் அந்தப் பணம் அவர் நிதியிலிருந்து போகிறது. எம்எஸ் என்று நினைத்து எம்இங்க் என்ற தொழில்முறைப் பட்டத்தில் பதிவு செய்துவிடாதீர்கள். அதற்குப் பல இடங்களில் தள்ளுபடியே கிடையாது.

விசா

எஃப்-1 மாணவர் விசாவில் இருக்கிறவர்களுக்கு இது விளையாட்டுக் காரியம் இல்லை. பல்கலைக்கழகம் தரும் உங்கள் ஐ-20 தாளில் பட்டத்தின் நிலையும் துறைக்கான குறியீட்டு எண்ணும் அச்சாகியிருக்கும். சுற்றுச்சூழல் பொறியியலுக்கு 14.1401, மெக்கானிக்கலுக்கு 14.1901. இரண்டும் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருப்பவை, அதில் கவலை வேண்டாம். இரண்டாவது பட்டம் சேர்ந்ததும், டிஎஸ்ஓ எனப்படும் வெளிநாட்டு மாணவர் அலுவலக அதிகாரியிடம் சொல்லி, பதிவில் என்ன மாற்றம் வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். ஐ-20 பிஎச்டி நிலையிலேயே தொடர வேண்டும். யாராவது அதை எம்எஸ்ஸாக மாற்றிவிட்டால் தலைவலி.

படித்து முடித்தபின் வேலை பார்க்கும் ஓபிடி அனுமதி, ஒவ்வொரு பட்ட நிலைக்கும் 12 மாதம். ஸ்டெம் துறைக்கு மேலும் 24 மாத நீட்டிப்பு உண்டு. 'இரண்டு பட்டம் வாங்கினால் இரண்டு ஓபிடி' என்று ஹாஸ்டல் சமையலறையில் ஒரு கதை சுற்றும். பிஎச்டி ஐ-20-க்குள்ளேயே வாங்கிய எம்எஸ்ஸுக்குத் தனி ஓபிடி கிடைக்கும் என்று திட்டம் போட்டு வைக்காதீர்கள். கோடையில் கம்பெனியில் பயிற்சிக்குப் போக சிபிடி என்ற அனுமதி வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். முழுநேர சிபிடி 12 மாதத்தைத் தொட்டால் அந்த நிலைக்கான ஓபிடி போய்விடும். எச்-1பி வேலை விசாவுக்கான குலுக்கலில் அமெரிக்க முதுநிலைப் பட்டக்காரர்களுக்கு என்று இருக்கும் 20,000 இடத்துக்கு, இங்கே வாங்கிய பிஎச்டியே உங்களைத் தகுதியாக்கும் என்பதால், அதற்காக மட்டும் எம்எஸ்ஸைத் துரத்த வேண்டாம்.

எப்போது எதைச் செய்வது?

முதல் பருவத்தில் விண்ணப்பிக்காதீர்கள். சொந்தத் துறையில் காலூன்றுங்கள், ஒரு மெக்கானிக்கல் பாடம் மட்டும் எடுத்து ஏ வாங்குங்கள். அந்த ஏதான் உங்கள் விண்ணப்பத்தின் சிறந்த சிபாரிசு. இரண்டாவது பருவத்தில் அட்வைசர், கோஆர்டினேட்டர், விண்ணப்பம். பிஎச்டியைத் தொடரலாமா என்று முடிவு செய்யும் க்வாலிஃபையர் தேர்வு இருக்கும் பருவத்தில் கூடுதல் பாடம் எதுவும் வேண்டாம், அந்த ஒரு பருவத்தைக் காலியாக விட்டுத்தான் கணக்குப் போட வேண்டும். மூன்றாம் வருட முடிவுக்குள் மெக்கானிக்கல் பாடங்களில் முக்கால்வாசி முடிந்திருந்தால் நல்லது. நான்காம் வருடத்தில் சோதனைக்கூடத்தில் ஏதாவது ஒரு பம்ப் கட்டாயம் உடையும். அப்போது வகுப்புக்கு ஓட முடியாது.

பட்டம் பெறுவதற்கான விண்ணப்பமும் இரண்டு பட்டத்துக்கும் தனித்தனி. எம்எஸ் தேவைகள் முன்பே முடிந்துவிட்டால், பிஎச்டிக்காகக் காத்திருக்காமல் அந்தப் பருவத்திலேயே அதை வாங்கிவிடலாமா என்று கிராஜுவேட் ஸ்கூலையும் டிஎஸ்ஓவையும் கேளுங்கள். முடியும் என்றால் வாங்கிவிடுங்கள். பிஎச்டி ஏதோ காரணத்தால் நின்றுபோனாலும் கையில் ஒன்று இருக்கும். விண்ணப்பக் கெடு பெரும்பாலும் பருவத்தின் ஆரம்ப வாரங்களிலேயே முடிந்துவிடும், தேர்வு வரை காத்திருக்காதீர்கள்.

தம்பி அன்றிரவே எக்செல் தாள் ஒன்று போட்டு அனுப்பினான். பிஎச்டி பாடம் நீலம், எம்எஸ் பாடம் பச்சை, இரண்டுக்கும் பொது மஞ்சள். எண்ணிப் பார்த்தேன், ஐந்து மஞ்சள் இருந்தது. "வரம்பு எவ்வளவு என்று கேட்டாயா?" என்று பதில் போட்டேன். "நாளைக்குக் கேட்கிறேன் அண்ணா" என்றான். "கேட்டுவிட்டு மெயிலும் போட்டுவிடு" என்றேன்.